பேச்சு குழறும் வெயில்

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. இந்திய விமானப்படையின் 92ஆவது ஆண்டு விழாவை ஒட்டி மெரினாவில் விமான சாகசம். நிகழ்ச்சி என்னவோ பதினொரு மணிக்குத்தான். ஆனால் இடம் பிடிக்கக் காலையிலேயே குடும்பம் குடும்பமாக வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். நிழலுக்குத் துப்பட்டாவும் செய்தித்தாளும்தான். ஒரு மணிக்கு எல்லாம் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் எழுந்து, ரயிலுக்கும் பேருந்துக்கும் நெரிசலில் நடந்தார்கள். அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். ஐவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோதே உயிர் இல்லை என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொன்னார். வெயிலின் தாக்கமே காரணம் என்றும் சொல்லப்பட்டது.

யார் மீது தவறு என்று அடுத்த சில நாட்கள் அரசியல் சண்டை நடந்தது. அதை விட்டுவிடுவோம். அந்தச் செய்தியில் இரண்டு விவரங்கள் யாராலும் பெரிதாகக் கவனிக்கப்படாமல் போயின. அன்று சென்னையில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருந்தது. கத்திரியில் 42 டிகிரியைப் பார்த்துவிட்ட ஊருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. இரண்டாவது, மரணங்கள் மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே நடந்து முடிந்துவிட்டன. வெப்ப நோயைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு விவரங்களுக்குள் இருக்கிறது.

முதலில் 35 டிகிரியை எடுத்துக்கொள்வோம்.

சூழல் நம் தோலைவிடச் சூடாகிவிட்டால், உடம்பு தன் சூட்டை வெளியே தள்ள ஒரே ஒரு வழிதான் மிச்சம்: வியர்த்து, அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். பிரமாதமான ஏற்பாடு. ஆனால் ஆவியானால்தான். வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டும் வியர்வை தண்ணீரையும் உப்பையும் வீணாக்குகிறதே தவிர, சூட்டைத் தணிப்பதில்லை. மண்பானைத் தண்ணீர் வேலூரில் ஜில்லென்று இருப்பதும், அதே பானை கடலோரத்தில் புழுக்கமான நாளில் சும்மா இருப்பதும் இதனால்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் வியர்வையும் ஒரே மாதிரித் தோற்கின்றன.

இதை ஓர் எண்ணாக்கிப் பார்க்கலாம். வெப்பமானியின் குமிழைச் சுற்றி ஈரத்துணி கட்டிக் காற்றில் வைத்தால் காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். ஆவியாதலால் அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது சொல்லும். உள்நாட்டில் 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 23. கடற்கரையில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 30. அதாவது செய்தியில் ஐந்து டிகிரி குறைவாகக் காட்டப்படும் நாள், உடம்பின் கணக்கில் ஏழு டிகிரி கடுமையானது.

எந்த அளவில் ஆபத்து தொடங்குகிறது? இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களின் வெக்கையை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் 1905இல் ஒரு முடிவை வெளியிட்டார்: காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருக்கிற மனிதனுக்கும் உடல் வெப்பம் ஏறத் தொடங்கிவிடும். பிறகு ஒரு நூற்றாண்டு போனது. 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரு அறிஞர்கள் கோட்பாட்டளவில் 35தான் மனிதன் தாங்கும் எல்லை என்று கணக்கிட, உலகமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டது. 2022இல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்தபோது, புழுக்கமான சூழலில் அந்த எல்லை 31ஐ ஒட்டித்தான் இருந்தது. ஹால்டேன் சுரங்கத்துக்குள் இறங்கிக் கண்டதைத்தான் நாம் ஆய்வகத்தில் மறுபடியும் கண்டுபிடித்திருக்கிறோம். 35 என்பது கணக்கின் எல்லை, உடம்பின் எல்லை அல்ல. வயதானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அது இன்னும் கீழே.

நம் வெப்ப அலை அறிவிப்பு வேறொரு கணக்கில் ஓடுகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குறைந்தது 40 டிகிரியைத் தொட்டு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடலோரத்துக்கு அந்த 40 என்பது 37. மெரினாவின் அந்த ஞாயிறு எந்த வகையிலும் வெப்ப அலை நாள் அல்ல. ஆகவே, எச்சரிக்கை வரவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று கடலோரத்தில் இருப்பவர்கள் நினைக்கக் கூடாது. கைபேசியில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி இரண்டாவது விவரம். மருத்துவமனைக்கு வரும் முன்பே மரணம்.

வெயில் உடம்பை ஒரே அடியில் வீழ்த்துவதில்லை, படிப்படியாகத்தான் இறக்குகிறது. வியர்க்குரு, கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, எழுந்து நின்றதும் கண்ணைக் கட்டுவது இவையெல்லாம் தொடக்கம். அடுத்தது வெப்பச் சோர்வு: தலைவலி, குமட்டல், படபடப்பு, ஊற்றாக வியர்வை, நிற்க முடியாத அசதி. ஆனால் இந்தக் கட்டத்தில் ஆள் தெளிவாக இருக்கிறார். “அண்ணே, முடியல, கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்று அவரே சொல்கிறார். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். அன்றைக்கு மறுபடி வேலைக்கு அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். தெளியாவிட்டால் மருத்துவமனைதான்.

அதற்கு அடுத்த படிதான் வெப்பவாதம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போய், மூளை தடுமாறத் தொடங்குகிறது. கடும் வேலை செய்யும் எழுபது கிலோ ஆளின் உடம்பிலிருந்து சூடு வெளியேறவே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் உள்வெப்பம் ஏறும். அதிகச் சூட்டில் செல்களின் புரதங்கள் சிதைகின்றன. தோலைக் குளிர்விக்க ரத்தம் பெருமளவு வெளிப்புறமாக ஓடுவதால் குடல் போதிய ரத்தமின்றித் தவிக்கிறது. அதன் சுவர் பழுதாகி, உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் நச்சு ரத்தத்தில் கலக்கிறது. தசை நார்கள் உடைந்து சிறுநீரகத்தை அடைக்கின்றன. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். கல்லீரல் பழுதாகிறது, ரத்தம் உறையும் ஒழுங்கு குலைகிறது. இவ்வளவும் நடக்குமா நடக்காதா என்பது உள்வெப்பம் எத்தனை டிகிரி போனது என்பதைவிட, அங்கே எத்தனை நிமிடம் நின்றது என்பதைப் பொறுத்தது.

பாடப்புத்தகத்தில் பலரும் படித்த ஓர் அடையாளம் இங்கே ஆளை ஏமாற்றிவிடுகிறது. ‘தோல் காய்ந்து, வியர்வை நின்று, சூடாக இருந்தால் வெப்பவாதம்’ என்பது அது. ஓட்டு வீட்டிலோ தகரக் கூரைக்குக் கீழோ இரண்டு மூன்று நாள் வெந்துகொண்டிருந்த முதியவருக்கு அது பொருந்தலாம். கான்கிரீட் போடும் இளைஞருக்கும், ஓட்டப்பந்தயக்காரருக்கும், பயிற்சியில் இருக்கும் காவலருக்கும் வருகிற வெப்பவாதம் வேறு ரகம். அவர்கள் கடைசிவரை வியர்த்துக்கொண்டிருப்பார்கள். வியர்வை நிற்கட்டும் என்று காத்திருப்பவர் சாவுக்குத்தான் காத்திருக்கிறார்.

பார்க்க வேண்டியது தோலை அல்ல, பேச்சையும் நடையையும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, நேராக நடக்க முடியாமல் தள்ளாடுவது, திடீரென்று அமைதியாகிவிடுவது. எப்போதும் வாயாடிக்கொண்டே செங்கல் சுமக்கும் அக்கா பத்து நிமிடமாகப் பேசவில்லை என்றால் மேஸ்திரி போய்ப் பார்க்க வேண்டும். “உம் பேரு என்ன, இன்னைக்கு என்ன கிழமை, எந்த ஊர்ல இருந்து வந்த?” என்ற மூன்று கேள்வி போதும். பதில் தடுமாறினால் அது மயக்கம் அல்ல, அவசரம்.

சிக்கல் என்னவென்றால், இந்த அடையாளங்கள் எல்லாம் நம் ஊரில் வேறொன்றாகப் புரிந்துகொள்ளப்படுகின்றன. தள்ளாடினால் குடித்திருக்கிறான். எரிந்து விழுந்தால் திமிர். கைகால் வெட்டினால் வலிப்பு, கையில் ஒரு சாவியைத் திணி. சுருண்டு விழுந்தால் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பான், சோடா உடை. குடிப்பவன் என்று ஏற்கெனவே பெயரெடுத்தவர் வெயிலில் விழுந்தால் அவர் பக்கத்தில் யாரும் போவதே இல்லை. மதுவோ வெப்பவாதம் வருவதற்கு ஒரு காரணமும்கூட. அப்படிப்பட்டவரைத்தான் முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கியும் இதே தடுமாற்றம் வரலாம் என்பது உண்மைதான். அதைக் கருவி வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

தொட்டுப் பார்ப்பதும் அக்குளில் வெப்பமானி வைப்பதும் முழு உண்மையைச் சொல்லாது. தோல் குளிர்ந்திருக்க, உள்ளே 41 டிகிரி கொதிக்கலாம். ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான அளவு. அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய காரியம். வேலையிடத்தில் வெயில், உழைப்பு, குழறும் பேச்சு மூன்றும் சேர்ந்திருந்தால் அதற்குமேல் சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்து என்ன செய்வது? இங்கேதான் நம் நல்லெண்ணம் ஆளைக் கொல்கிறது. விழுந்தவரை அப்படியே தூக்கி ஆட்டோவில் போட்டு, இருபுறமும் இருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு, நெரிசலில் நாற்பது நிமிடம் பயணம் செய்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம். அந்த நாற்பது நிமிடமும் அவர் மூளை வெந்துகொண்டிருக்கிறது. விளையாட்டு மருத்துவத்தில் இதற்கு ஒரே விதி: முதலில் குளிர்வி, பிறகு தூக்கு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்ற கடலோர ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் ஏழு மைல் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. பதினெட்டு ஆண்டுப் பதிவுகளைத் திரட்டி 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பவாதத்தில் விழுந்தவர்கள் 274 பேர். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே தொட்டிகளில் பனிக்கட்டித் தண்ணீர் தயாராக இருந்தது. விழுந்தவரைக் கழுத்து வரை அதில் அமிழ்த்தினார்கள். 274 பேரில் ஒருவர்கூட இறக்கவில்லை. மருத்துவத்தில் நூற்றுக்கு நூறு என்ற முடிவு அபூர்வம். அதுவும் வேறு இடங்களில் பலரைக் கொல்கிற ஒரு நோயில். அரை மணிக்குள் உள்வெப்பத்தை 39க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் ஆள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறார் என்பதே அங்கே கண்ட பாடம்.

பனிக்கட்டித் தொட்டிக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒரு கட்டுமான இடத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாடியில் கான்கிரீட் போட்ட நாள். போட்ட தளம் வெடிக்காமல் இருக்கக் கியூரிங்குக்குத் தண்ணீர் பிடிக்கிற ஹோஸ் பைப் கீழே கிடக்கிறது. மழைக்கு சிமென்ட் மூட்டையை மூட வைத்திருக்கும் நீலத் தார்ப்பாய் ஓரத்தில் மடித்து வைத்திருக்கிறது. இரண்டு தெரு தள்ளி மீன் கடையிலோ ஜூஸ் கடையிலோ ஐஸ் இருக்கிறது. இவ்வளவு போதும். விழுந்தவரை நிழலுக்கு இழுத்து, சட்டையையும் பூட்ஸையும் கழற்றி, தார்ப்பாய் நடுவில் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அது தொட்டி. ஹோஸைத் திறந்து நிரப்பி, கிடைத்த ஐஸைக் கொட்டி, தண்ணீரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தார்ப்பாய் முறையைச் சோதித்துப் பார்த்து, சரிவர வேலை செய்கிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தளம் வெடிக்கக் கூடாது என்று ஏழு நாள் தண்ணீர் ஊற்றத் தெரிந்த நமக்கு, தளம் போட்டவர் மேல் ஊற்றத் தோன்றுவதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. மதிய வேளையில் கறுப்புத் தொட்டியிலிருந்தும் வெயிலில் கிடந்த ஹோஸிலிருந்தும் முதலில் வருவது கைவைக்க முடியாத வெந்நீர். அதைக் கீழே விட்டுவிட்டுச் சம்ப் தண்ணீர் வந்த பிறகு ஊற்ற வேண்டும். ஐஸ் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் தொடர்ந்து ஊற்றி, அட்டையாலோ மின்விசிறியாலோ வேகமாக விசிறினால் அதுவே கணிசமாகக் குளிர்விக்கும். நெற்றியில் ஈரத்துணி மட்டும் போடுவது கண்துடைப்பு. கொஞ்சம்தான் ஐஸ் என்றால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் வைக்கலாம். பெண் தொழிலாளியாக இருந்தால் ஆடையைக் கழற்றத் தயங்கியே நேரம் போகும். சேலைக்கு மேலேயே தண்ணீரைக் கொட்டுங்கள், நனைந்த துணியும் குளிர்விக்கும். இதற்கிடையில் ஒருவர் 108க்கு அழைத்து, ‘வெயிலில் விழுந்தார், புத்தி தடுமாறுகிறது’ என்று சொல்ல வேண்டும். ‘மயக்கம்’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு அவசரம் புரியாது.

செய்யக் கூடாதவை இரண்டு. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. அது நுரையீரலுக்குப் போய்விடும். பாராசிட்டமால் கொடுக்கக் கூடாது. காய்ச்சலில் மூளையே உடல் வெப்பத்தின் இலக்கை உயர்த்தி வைக்கிறது, மாத்திரை அதைக் கீழே இறக்குகிறது. வெப்பவாதத்தில் இலக்கு மாறவே இல்லை, சூடுதான் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. மாத்திரைக்கு அங்கே வேலையே கிடையாது. ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும் கல்லீரலுக்குக் கூடுதல் சுமைதான்.

வயதானவர்களுக்குப் பனிநீர்த் தொட்டி எப்போதும் சரிப்படாது. மக்காவில் ஹஜ் யாத்திரிகர்களுக்காக 1980 வாக்கில் வைனர், கோகாலி என்ற இரு மருத்துவர்கள் வடிவமைத்த முறை வேறு: வலைப் படுக்கையில் கிடத்தி, நுண்ணிய நீர்த்துளியைத் தெளித்து, சூடான காற்றை வீசுவது. சூடான காற்றா என்று தோன்றும். தோல் விறைத்து ரத்தக்குழாய் சுருங்கிவிடாமல், ஆவியாதல் மட்டும் தொடர வேண்டும் என்பது அதன் தத்துவம். வீட்டில் பாட்டி விழுந்தால் நாம் செய்யக்கூடியதும் கிட்டத்தட்ட அதுதான். ஈரம், விசிறி, மறுபடி ஈரம். ஈரமில்லாத வெறும் மின்விசிறி 40 டிகிரிக்கு மேல் உடம்பின் மீது வெந்த காற்றைத்தான் வீசும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

விழுபவர்களைப் பற்றிப் பேசினோம். விழாமலே கெடுபவர்கள் இன்னும் அதிகம். அவர்களைப் பார்க்க உப்பளத்துக்குப் போக வேண்டும்.

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் அளங்கள் உண்டு. வெயில் எவ்வளவு கொடியதோ அவ்வளவு நல்ல விளைச்சல் என்பதால், வெயிலிலிருந்து தப்பிக்கவே முடியாத தொழில் இது. மேலிருந்து வெயில், பாத்தியின் வெள்ளைப் பரப்பிலிருந்து அதன் எதிரொளி, காலடியில் காரமான உப்புநீர். ஒரு மரம்கூட வளராத மண். பொழுது விடியும் முன்பே உப்பு வாரத் தொடங்கிவிட்டாலும், வரப்பில் சுமந்து கொட்டி முடிக்கும்போது வெயில் ஏறிவிடும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேலே வேலை செய்தவர்கள் ஏறத்தாழ 90 சதவீதம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தவர்கள் 7 சதவீதம். அந்த 7 சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் இவர்கள் நோய் என்று படுத்தவர்கள் அல்ல, அன்றைக்கும் அளத்துக்கு வேலைக்கு வந்தவர்கள். சிறுநீரகம் பாதிக்குமேல் பழுதாகும்வரை வலி காட்டாத உறுப்பு. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஒருநாள் மருத்துவமனைக்குப் போனால், “கிரியாட்டினின் ஏறிடுச்சு” என்பார்கள். அதற்குள் எத்தனையோ பருவங்கள் போயிருக்கும். நிகரகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில் இளம் வெட்டாட்கள் கொத்துக்கொத்தாகச் சிறுநீரகம் கெட்டு இறந்ததையும் இந்த வழியில்தான் ஆய்வாளர்கள் விளங்கிக்கொள்ள முயல்கிறார்கள்: தினமும் நீர் வற்றுவது, தினமும் தசைகள் லேசாகச் சிதைவது, தினமும் சிறுநீரகம் சிறிதாக அடிவாங்குவது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. உப்பளத்தில் அதற்குத் தடை தாகமின்மை அல்ல, கழிப்பறையின்மை. வெட்டவெளியில் மறைவிடம் இல்லாததால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள் பெண்கள். சிறுநீரை அடக்குவதால் நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்புக்குப் பயந்து இன்னும் குறைவாகக் குடிப்பது. வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததும் வெப்பமும் சேர்ந்து பெண்களை எப்படி வாட்டுகின்றன என்பதை இதே குழு தனியாக ஆராய்ந்து எழுதியிருக்கிறது. என் கருத்தில் தமிழ்நாட்டின் வெப்பத் திட்டங்களில் முதல் வரியாக இருக்க வேண்டியது மோர்ப் பந்தல் அல்ல, உப்பளத்திலும் சாலைப்பணி இடத்திலும் ஒரு கதவு வைத்த கழிப்பறை. இந்தக் குழுவின் இன்னொரு ஆய்வு கர்ப்பிணிகளைப் பற்றியது. 800 பெண்களைத் தொடர்ந்து கவனித்ததில், கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு 5 சதவீதம், மற்றவர்களுக்கு 2 சதவீதம். உட்கார்ந்து ஓய்வெடுக்கச் சொல்லலாம்தான். அன்றைய கூலியை யார் கொடுப்பது?

குடிக்கும் அளவுக்கு ஒரு வழிகாட்டி உண்டு: கடும் வேலையில் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தம்ளர். தாகம் வந்த பிறகு மொத்தமாக ஒரு சொம்பு குடிப்பதைவிட அது மேல். மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டு வெறும் தண்ணீரை மட்டுமே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, அதுவே குழப்பத்தையும் வலிப்பையும் கொண்டுவரலாம். உப்புப் போட்ட மோர், கஞ்சி, நீராகாரம் இவை இந்த இடத்தில் வெறும் மரபுப் பெருமை அல்ல. கையில் எதுவும் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாமே தலைதட்டிய அளவு. ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் உப்பு விஷயத்தில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர் மாத்திரை, சில மனநோய் மருந்துகள், பழைய ரக சளி அலர்ஜி மாத்திரைகள் ஆகியவை வெயில் தாங்கும் சக்தியைக் குறைப்பவை. பயந்து தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிட மோசம்.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் தனிக் கவனம் வேண்டுபவர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, ரத்தத்தின் அளவு கூடுகிறது. ஊருக்குப் போய்விட்டுச் சில வாரம் கழித்துத் திரும்பினால் பழக்கம் கரைந்துபோயிருக்கும். திறந்தவெளி வேலையில் நேரும் வெப்ப மரணங்களில் பாதிக்கு மேல் வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடப்பதாக அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை சொல்கிறது. முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் வெயிலில் வேலை, பிறகு தினமும் இன்னொரு பங்கு கூட்டு என்பது அவர்கள் பரிந்துரை. பீகாரிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து இறங்கியவரை மறுநாள் காலையே சென்ட்ரிங் கம்பி தூக்கவைக்கும் நம் ஒப்பந்தக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

நகராட்சிகள் செய்யக்கூடியதும் உண்டு. 2010 மே மாதம் ஆமதாபாத்தில் 46.8 டிகிரி அடித்தது. முந்தைய ஆண்டுகளின் மே மாதத்தோடு ஒப்பிட்டபோது அந்த மாதம் மட்டும் 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2013இல் வந்த, நாட்டின் முதல் நகர வெப்பச் செயல்திட்டம். அந்த அனுபவத்தில் எனக்குப் பிடித்த பகுதி எச்சரிக்கை நிறங்களோ விளம்பரங்களோ அல்ல. அங்கே ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு மொட்டைமாடிக்கு நேர்கீழே, மேல்தளத்தில் இருந்தது. பச்சைக் குழந்தைகள் வெக்கையில் வாடுவதைக் கண்டு அதைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெப்பத்தால் தீவிர சிகிச்சைக்குப் போகும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது மெரினா சம்பவம் நடந்த அதே 2024 அக்டோபரில். வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் வெப்பத்தால்தான் இறந்தார் என்று அதிகாரபூர்வச் சான்று வேண்டும். வெப்பவாதத்துக்கென்று பிரேதப் பரிசோதனையில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. வீங்கிய மூளை, நீர் கோத்த நுரையீரல், உறுப்புகளில் ரத்தக்கசிவு என்று பல நோய்களுக்கும் பொதுவானவைதான் தெரியும். மற்ற காரணங்களை விலக்கி, விழுந்த இடத்தின் சூழலையும் மருத்துவமனையில் சேர்ந்தபோது எடுத்த உடல் வெப்பத்தையும் வைத்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வர முடியும். அவசரச் சிகிச்சைப் பிரிவில் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறிக்கும் தாளில், வந்த நிமிடத்தின் உள்வெப்பம் பல நேரம் எழுதப்படாமலே போகிறது. பிறகு அந்தச் சாவு மாரடைப்பு என்றோ காரணம் தெரியாதது என்றோ பதிவாகிறது. வானிலைத் துறை, குற்ற ஆவணக் காப்பகம், சுகாதார அமைச்சகம் மூன்றும் வெப்ப மரணங்களுக்கு மூன்று வெவ்வேறு எண்களைத் தருவதில் வியப்பில்லை. 108 ஊழியரும் அவசரப் பிரிவுச் செவிலியரும் விழுந்தவரின் உள்வெப்பத்தை, எடுத்த நேரத்தோடு சேர்த்து அந்தத் தாளில் குறித்துவைத்தால், அளத்தில் விழுந்தவர் குடும்பம் அந்த 4 லட்சத்தைக் கேட்க ஓர் ஆவணமாவது கையில் இருக்கும்.